மென்பொருள் இலவசம், பயத்துக்குத்தான் சந்தா

திறந்த மூல மென்பொருள் எண்டால் செலவே இல்லை எண்டு நினைக்கிற ஆக்கள் ஒருக்கா மெயின்பிரேம் பக்கம் எட்டிப் பாருங்கோ. அங்கே லினக்ஸுக்குக் கட்டுற வருடச் சந்தாவைக் கேட்டால் தலை சுத்தும்.

1999 டிசம்பரில், தன்னுடைய எஸ்/390 கணனியில் லினக்ஸை ஓட்டுவதற்கான நிரலை ஐபிஎம் வெளியிட்டது. பிறகு லினக்ஸுக்கு மட்டுமான ஐஎஃப்எல் என்ற செயலியையும் விற்கத் தொடங்கியது. வழமையான மெயின்பிரேம் செயலியைவிட அது மலிவு. ஆனால் அதில் ஓடுகிற ரெட் ஹட், சூசே இரண்டும் ஐஎஃப்எல்களை எண்ணித்தான் சந்தா கேட்கின்றன. ஒன்றுக்கான தொகையே சாதாரண இன்டெல் சேர்வருக்கானதைவிடப் பல மடங்கு.

விற்கிறவையிட்டக் கேட்டால் ஒரு பதில் ரெடி: 'ஒரு ஐஎஃப்எல்லில் பத்து, இருபது லினக்ஸ் ஓட்டலாம்தானே, கூட்டிப் பார்த்தால் லாபம்.' கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் எங்கேயும் அவர்கள் செய்கிற வேலை இல்லை. 'வேற வழியில போனால் உனக்கு எவ்வளவு முடியும்' என்பதுதான் இருக்கு. சந்தாவின் விலையைத் தீர்மானிப்பது உழைப்பு அல்ல, வாங்குகிறவரின் இக்கட்டு.

ஆதரவுக்குக் காசு வாங்குவது பிழை எண்டு நான் சொல்லேல்லை. ஜிபிஎல் உரிமமே விற்பதைத் தடுப்பதில்லை. அந்த வன்பொருளில் சோதிக்கச் செலவு இருக்கு. நடுச்சாமத்தில் வங்கியின் கணனி படுத்தால் எழும்பி வருகிறவருக்குச் சம்பளம் வேணும். சரி. அதைக் கட்டுவம்.

என்றாலும் இது சுதந்திரமான சந்தை மாதிரிக் கதைக்காதீங்கோ. டெபியனும் மெயின்பிரேமில் ஓடும், சந்தா இல்லாமல். ஆனால் ஒரக்கிள் தரவுத்தளத்துக்கு உத்தியோகபூர்வ உதவி வேணுமெண்டால் ரெட் ஹட் அல்லது சூசே வேணும். டெபியன் அந்தப் பட்டியலில் இல்லை. 2019இல் ஐபிஎம் 34 பில்லியன் டொலருக்கு ரெட் ஹட்டை வாங்கியது. இப்ப இயந்திரம் விற்கிறதும் அதில் ஓடுற லினக்ஸை விற்கிறதும் ஒரே வீடு. 2023 ஜூனில் ரெட் ஹட் தன் எண்டர்பிரைஸ் லினக்ஸின் மூலநிரலை வாடிக்கையாளர் வாசலுக்குள் வைத்தது. பொதுவெளிக்கு சென்டோஸ் ஸ்ட்ரீம் மட்டும்.

இவ்வளவு காசும் நிரல் எழுதுகிறவர்களிடம் போகுதா? 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோதுதான், உலகமே நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு வருடம் ஏறத்தாழ 2,000 டொலர்தான் நன்கொடை வந்தது என்று தெரியவந்தது. இந்த விலையுயர்ந்த லினக்ஸுகளுக்குள்ளும் இருப்பது அதே ஓபன்எஸ்எஸ்எல்தான்.

ஆகவே, கட்டுகிற நிறுவனங்களிடம் கேட்கவேண்டியது இதுதான். எல்லா இயந்திரத்துக்கும் உச்சச் சந்தா எதுக்கு? சோதனைக்கு டெபியன் போதும். மிஞ்சுகிற காசில் உள்ளுக்குள்ளேயே இரண்டு பொறியியலாளர்களை வளருங்கோ. அவர்கள் திருத்துகிற பிழைகள் மூலத் திட்டத்துக்கே திரும்பிப் போகட்டும்.

எங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. மடிக்கணனியில் கியூஇஎம்யூ போட்டால் மெயின்பிரேம் லினக்ஸை ஒரு சதமும் இல்லாமல் பழகலாம். வேலை தெரிந்த ஆக்கள் குறைவாக இருக்கும்வரைக்கும்தான் இந்தப் பயத்துக்கு விலை.