பேராயர் நியமனமும் செய்தியின் பொறுப்பும்

புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டப் பேராயர் நியமனத்தை, தலித் ஒருவர் நியமிக்கப்படவில்லை என்று தலித் கத்தோலிக்கர் எதிர்ப்பதை, திருத்தந்தையான போப்புக்கு எதிரான கலகமாகச் செய்தியில் சித்திரிப்பது தவறு. மீரட் ஆயராக இருந்த பிரான்சிஸ் கலிஸ்ட் 2022 மார்ச் 19 அன்று பேராயராக அறிவிக்கப்பட்டார். ஆயர்களை நியமிக்கும் உரிமையை 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 377ஆம் விதி திருத்தந்தைக்கு அளிக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் நியமனம் நிர்வாக முடிவு, விசுவாசக் கோட்பாடு அன்று. 1870இல் முதலாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வரையறுத்த வழுவா வரம், அதாவது திருத்தந்தையின் போதனை தவறாது என்னும் கோட்பாடு, விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றித் திருச்சபை முழுமைக்கும் திருத்தந்தை அறுதியிட்டுப் போதிக்கும்போது மட்டுமே பொருந்தும். அதன்பின் அவ்வாறு அறிவிக்கப்பட்டது 1950இல் மரியாவின் விண்ணேற்பு ஒன்றுதான். அதே சட்டத்தின் 212ஆம் விதியோ, திருச்சபை நலன் குறித்த தம் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்வதை விசுவாசிகளின் உரிமை என்கிறது, சில வேளைகளில் கடமை என்றே சொல்கிறது. ஏம்பலத்திலோ வில்லியனூரிலோ ஞாயிறு பூசை கண்டுவிட்டு, மறுநாள் பேராயர் இல்லத்துக்கு மனு எழுதுபவர் விசுவாசத்தைக் கைவிட்டவர் அல்லர். இவ்வளவையும் விளக்கச் செய்தியில் இடமேது என்று கேட்கலாம். இரண்டு வரி போதும். இது திருச்சபையின் உள்விவகாரம், பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்ற வாதத்தையும் ஏற்பதற்கில்லை. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளைப் பிரித்துச் சாதிச்சுவர் நின்ற மண் இது. இங்கு தலைமைப் பதவிகளில் யார் அமர்கிறார் என்பது பொதுக் கேள்வியே. எதிர்ப்பவர்களின் மனுவில் இருப்பது என்ன, அதற்கு உயர்மறைமாவட்டத்தின் பதில் என்ன என்று செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டும். உயர்மறைமாவட்டமும் மௌனம் காக்காமல் எளிய தமிழில் பதிலளிக்க வேண்டும்.