ரோபோ ஆய்வு ஒலுவிலிலும் நடக்க வேண்டும்

சாகாமம் வட்டையில் நிற்கும் ஒருவர் "வரம்பால கொஞ்சம் அங்கால போ, தம்பி" என்றால், எத்தனை அடி என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அவரே வீட்டில் "கதிரையைக் கொஞ்சம் இஞ்சால இழு" என்றால் ஒரு சாண் போதும். நமக்கு இயல்பாக வரும் இந்தக் கணிப்பை ரோபோவுக்குக் கற்பிக்கத்தான் வேண்டும். அதற்கு இயந்திரத்தை மட்டும் அறிந்தால் போதாது. மனிதரைப் படிக்க வேண்டும்.

இலங்கையில் இதை எடுத்து ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் புத்திக ஜயசேகரவும் விராஜ் முத்துகலவும் 'மிரோப்' என்ற சேவை ரோபோவை வைத்து ஆய்வு செய்தார்கள். கிட்ட, தூரம், கொஞ்சம் போன்ற சொற்களுக்கு நிலையான ஓர் அளவை அவர்கள் கொடுக்கவில்லை. அறையின் பரப்பையும் தளபாடங்களின் நெருக்கத்தையும் பார்த்து ரோபோவே தூரத்தைத் தீர்மானிக்கச் செய்தார்கள். பிழைத்தால் பேசியவர் திருத்துவார். அந்தத் திருத்தத்திலிருந்து அது கற்கும். அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த சாபா சிறிதுங்க எடுத்துக்கொண்டது வேறொரு கேள்வி: ஒருவர் வேலையாக இருக்கிறாரா, பேசும் மனநிலையில் இருக்கிறாரா என்பதை அவரது உடல் அசைவிலிருந்து ரோபோ எப்படி அறிவது?

இத்தகைய ஆய்வுகள் வெறும் வசதிக்கானவை அல்ல; இயந்திரத்தை நாம் எவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறோம் என்பதை அறியவும் அவை வேண்டும். 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். தட்டச்சு செய்த வார்த்தைகளையே கேள்வியாகத் திருப்பிக் கொடுப்பதுதான் பெரும்பாலும் அதன் வேலை. ஆயினும் மக்கள் அதனிடம் மனம் திறந்தார்கள். அது உருவான விதத்தை அருகிலிருந்து பார்த்த வைசன்பாமின் செயலாளரே, அதனோடு தனியாகப் பேச வேண்டும், அறையை விட்டு வெளியே போங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். தகுதி வருமுன்பே இயந்திரத்துக்கு நம்பிக்கையைக் கொடுத்துவிடுவது மனித இயல்பு. இன்று கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவிடம் பாடமும் மருந்தும் மார்க்கமும் கேட்கிறார்கள் என்றால், அந்த நம்பிக்கையை யாராவது ஆராய்ந்தே ஆக வேண்டும்.

நம் வீட்டில் தனித்திருக்கும் உம்மம்மாவிடம் ஓர் இயந்திரம் எவ்வளவு கிட்ட வரலாம்? தொழுகை நேரத்தில் அது என்ன செய்ய வேண்டும்? அது பிழையாகச் சொன்னால் அவர் திருத்துவாரா, படித்த சாமான் சொல்கிறது என்று அடங்கிப்போவாரா? வேறு நாட்டு மாணவர்களை வைத்து நடத்திய சோதனையில் இவற்றுக்கு விடை கிடைக்காது. நாம் ஆராயாவிட்டால், பிறர் பழக்கத்தைக் கற்ற இயந்திரங்களே இங்கு வரும்; அவற்றுக்கு ஏற்ப நம் முதியவர்கள்தான் மாற வேண்டியிருக்கும்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஒலுவிலில் பொறியியல் பீடமும் கலை கலாசார பீடமும் உண்டு. சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம் உண்டு. தொடங்குவதற்கு விலையுயர்ந்த ரோபோ தேவையில்லை. மறைவில் ஒருவர் இருந்து இயந்திரத்தை இயக்க, அதனோடு மக்கள் பழகும் விதத்தைக் கவனிப்பது மனிதர்–ரோபோ உறவை ஆராயும் துறையில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட முறை. சமூகவியல் மாணவரும் பொறியியல் மாணவரும் ஒன்றாகச் சேர்ந்து, வீட்டாரின் சம்மதத்தோடு இதைச் செய்யலாம். பீடங்கள் இந்தக் கூட்டு ஆய்வை உடனே தொடங்க வேண்டும். நம் ஊர்கள் அதற்குக் கதவைத் திறந்துவிட வேண்டும்.