கலப்பவர் சொல்ல வேண்டாமா?

பாலிலே தண்ணீர் கலந்தால் அதற்குப் பெயர் கலப்படம். கலந்தவருக்கு அபராதம் உண்டு, சில வேளை சிறையும் உண்டு. பெட்ரோலிலே எரிசாராயம் கலந்தால் அதற்குப் பெயர் தேசியக் கொள்கை! குறித்த நாளுக்கு முன்பே கலந்து முடித்துவிட்டோம் என்று மேடையேறி மார்தட்டிக் கொள்ளவும் செய்கின்றனர்.

இரண்டும் ஒன்றென்று வாதிட வரவில்லை, வாசகத் தோழரே! தண்ணீர் எரியாது, எத்தனால் எனப்படும் எரிசாராயம் எரியும். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் அதனை வடிக்கின்றனர். பெட்ரோலோடு அதைக் கலக்கும் எண்ணமும் நேற்றுப் பிறந்ததன்று. 1948ஆம் ஆண்டிலேயே அதற்கெனச் சட்டம் செய்து, நூற்றுக்கு 5 முதல் 25 பங்கு வரை கலக்க இடமளித்தனர். ஐம்பதாண்டுக் காலம் ஏட்டிலே கிடந்த அச்சட்டத்தை 2000ஆம் ஆண்டில் நீக்கினர். 2003இல் 5 விழுக்காடு என்று புதிய திட்டம் துவங்கிற்று. 2022 ஜூன் திங்களில் 10 விழுக்காடு ஆயிற்று. 2030க்குள் 20 என்று 2018ஆம் ஆண்டுக் கொள்கை வகுத்த இலக்கை ஐந்தாண்டு முன்னே இழுத்து, 2025இலேயே எட்டிவிட்டனர்.

அன்னியச் செலாவணி மிச்சமாகிறது, கரும்பு உழவனுக்குக் காசு சேருகிறது என்கின்றனர். மறுக்கவில்லை. ஆலைகள் பாக்கி வைத்துவிட்டு உழவனை அலையவைத்த கதை தமிழகத்துக்குத் தெரியாததன்று. அந்த உழவனுக்கு நாலு காசு முன்னதாகக் கிடைக்குமானால் மகிழ்ச்சியே. நாம் கேட்பது வேறு. வாங்குகிறவனைக் கேட்டார்களா? கேட்காவிட்டாலும் சொன்னார்களா? சொல்லாவிட்டாலும் விலையைக் குறைத்தார்களா? எனக்கு இது ஆகாது என்பவனுக்கு வேறு குழாய் ஒன்றேனும் வைத்தார்களா?

பொட்டிபுரத்திலிருந்து போடிநாயக்கனூருக்கு வண்டியிலே வந்து போகும் ஓர் உழைப்பாளியை எண்ணிப் பாருங்கள். வண்டி பத்தாண்டுப் பழையது. 20 விழுக்காட்டுக் கலவையைத் தாங்கத்தக்க பாகங்களுடன் வண்டிகள் வரத் துவங்கியதே 2023 ஏப்ரலுக்குப் பிறகுதான். அந்த வண்டியிலேதான் அவர் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போடிமெட்டுக்கு ஏறவேண்டும். மேலே ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் விசைத்தெளிப்பானுக்கும் பெட்ரோல்தான். கேனிலே வாங்கிச் சென்று வைத்திருப்பார்கள். மழையும் மூடுபனியும் மாறி மாறிக் கவியும் மலை அது. எரிசாராயமோ ஈரத்தை இழுக்கும் இயல்பினது. ஈரம் அளவு மீறினால் பெட்ரோலைக் கைவிட்டு, தண்ணீரோடு சேர்ந்து அடியிலே தங்கிவிடும். வறண்ட ஊரில் பெரிதாகத் தோன்றாத இக்குறை, ஏலமலையில் இயந்திரம் கிளம்பாத காலைப்பொழுதாக வந்து நிற்கக்கூடும்.

இதே போடியிலே ஏலக்காய் எப்படி விற்கிறது? வாங்க வரும் வணிகர் கையிலே மாதிரியைக் கொடுக்கின்றனர். நிறம் பார்க்கிறார், பருமன் பார்க்கிறார், உடைத்து முகர்ந்து பார்க்கிறார். பிறகே விலை கேட்கிறார். பிடிக்கவில்லையா, அடுத்த குவியலுக்குப் போகிறார். ஏலக்காய்க்கு இத்தனை மரியாதை! பெட்ரோல் வாங்குகிறவருக்கோ, குழாயிலே வருவதுதான் பெட்ரோல், பலகையிலே இருப்பதுதான் விலை.

விலைக்கு வருவோம், வலிக்கும் இடம் அதுதான். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதை மறைக்க முடியாது. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே ஒப்புக்கொண்டிருக்கிறது. பழைய முறையில் அமைந்த இருசக்கர வண்டிகளுக்கு 20 விழுக்காட்டுக் கலவையால் எரிபொருள் திறன் நூற்றுக்கு 3 முதல் 4 வரை குறையும், அத்தகைய கார்களுக்கு 6 முதல் 7 வரை குறையும் என்பது அவ்வறிக்கையின் மதிப்பீடு. லிட்டர் நூறு ரூபாய், நாளுக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டு நம் உழைப்பாளியின் கணக்கைப் போடுங்கள். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் அவர் சட்டைப்பையிலிருந்து போகிறது! போதாக்குறைக்கு, பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர்ப் பாகங்களை மாற்ற நேரிடலாம், அது மலிவான வேலைதான் என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் ஆறுதல் கூறிற்று. மலிவு என்பது யாருக்கு? டில்லியிலே கோப்பைப் புரட்டுவோருக்கு மலிவு. தோட்டக் கூலிக்கு அது ஒருநாள் ஊதியம்.

அதே 2021ஆம் ஆண்டு அறிக்கை, திறன் குறைவதால் கலவைப் பெட்ரோலின் விலையும் குறைவாக இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. பழைய வண்டிகளுக்காக 10 விழுக்காட்டுக் கலவையும் கிடைக்கட்டும் என்றது. கலக்கச் சொன்ன பக்கத்தைப் படித்தவர்கள், குறைக்கச் சொன்ன பக்கத்தை மட்டும் எப்படிப் புரட்டாமல் விட்டனர்? கேட்டால், அன்று எத்தனால் மலிவு, இன்று அதன் கொள்முதல் விலையே ஏறிவிட்டது என்கின்றனர். லிட்டருக்கு 71 ரூபாய் 32 காசு. சுத்திகரித்த பெட்ரோலின் அடக்கத்தைவிட அதிகம் என்பது 2025இல் அமைச்சகமே தந்த கணக்கு. அப்படியானால் ஆற்றல் குறைந்த பொருளைக் கூடுதல் விலைக்கு வாங்கிக் கலக்கும் கொள்கையின் சுமையை யார் தாங்குவது என்று நாடாளுமன்றத்தில் விவாதித்து முடிவு செய்திருக்கலாமே! வண்டியோட்டியின் தலையில் ஓசையின்றி இறக்கிவிட்டதுதான் முறையா?

எத்தனால் கலவாத பெட்ரோல் கிடைக்கச் செய்யுங்கள், பங்க்குகளில் கலவை விவரத்தைத் தெளிவாக எழுதிவையுங்கள் என்று உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது. 2025 செப்டம்பர் 1ஆம் நாள் அது தள்ளுபடியாயிற்று. தீர்ப்பை மதிக்கிறோம். ஆனால் நீதிமன்றம் ஆணையிட மறுத்த ஒன்றை அரசு தானே முன்வந்து செய்யத் தடையேதும் இல்லையே! மறந்துவிடாதீர்கள்: பெருநகரங்கள் சிலவற்றிலே எத்தனால் கலவாத 100 ஆக்டேன் பெட்ரோல் விற்கிறது. லிட்டர் 160 ரூபாய் அளவில்! பணக்காரரின் காருக்கு விருப்பம் உண்டு. போடிமெட்டு ஏறும் வண்டிக்குத்தான் இல்லை.

பிரேசிலைப் பார் என்பார்கள். பார்ப்போம். அங்கே கலப்பு கட்டாயந்தான். 2025இல் 30 விழுக்காடாகவும் உயர்த்தினர். ஆனால் 1975இல் துவங்கி அரை நூற்றாண்டு நடந்து வந்த பாதை அது. எந்தக் கலவையிலும் ஓடும் கார்கள் 2003 முதல் அங்கே விற்பனையாகின்றன. பெட்ரோல் ஒரு குழாயில், எத்தனால் மறு குழாயில். இரண்டின் விலையையும் ஒப்பிட்டு, எது இலாபமோ அதை நிரப்பிக்கொண்டு போகிறார் வண்டியோட்டி. அமெரிக்கா 15 விழுக்காட்டுக் கலவையை அனுமதித்தபோது, எந்த வண்டிக்கு ஆகும், எதற்கு ஆகாது என்று குழாயிலேயே ஒட்டவேண்டும் என 2011இல் விதி செய்தது. மோட்டார் சைக்கிளுக்கும், பெட்ரோலில் இயங்கும் சிறு கருவிகளுக்கும் அக்கலவை அங்கே கூடாது. இங்கே அதனினும் கூடுதலான கலவை, அதே மோட்டார் சைக்கிளுக்கும் அதே தெளிப்பானுக்கும், ஒட்டுச் சீட்டைப் பற்றிய கவலையேயின்றி ஊற்றப்படுகிறது!

பொட்டிபுரம் என்றதும் நியூட்ரினோ உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். 2015இல் டில்லி அமைச்சரவை ஒப்புதல் தந்த அத்திட்டத்தின்போதும், எங்கள் மலையைக் குடைய எங்களைக் கேட்டீர்களா என்பதுதான் ஊராரின் வினா. அது தனி வழக்கு, அதன் நன்மை தீமை இங்கே வேண்டாம். கேட்கப்படாமையின் கசப்பு அவ்வூருக்குப் புதிதன்று என்பதற்காகவே குறிப்பிட்டோம்.

எத்தனாலை ஒழித்துக்கட்டு என்று நாம் கூறவில்லை. ஊருக்கு ஒரு பங்க்கிலாவது 10 விழுக்காட்டுக் கலவை கிடைக்கட்டும். குழாயின் மேல் கலவை அளவைத் தமிழிலே பெரிய எழுத்தில் எழுதட்டும். திறன் குறைந்த அளவுக்கு வரியைக் குறைத்து விலையை இறக்கட்டும். அடுத்த முறை பெட்ரோல் போடும்போது, இதிலே எத்தனால் எவ்வளவு என்று நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள். விடை தெரியாமல் அந்தப் பையன் விழித்தால் அவன்மீது சினம் கொள்ளாதீர்கள்; அவனுக்கும் யாரும் சொல்லவில்லை.