கடலில் விழுந்த ராக்கெட்!

1979 ஆகஸ்டு 10. ஸ்ரீஅரிகோட்டாவில் இருந்து எஸ்.எல்.வி.-3 ராக்கெட் சீறிக் கிளம்பியது. இரண்டாவது கட்டத்தில் கோளாறு! சில நிமிடத்தில் வங்கக் கடலில் விழுந்துவிட்டது.

பல ஆண்டு உழைப்பு தண்ணீரோடு போயிற்று.

தலைவர் சதீஷ் தவான் யார் மீதும் பழி போடவில்லை. நிருபர்களிடம் தோல்விக்குத் தாமே பொறுப்பு ஏற்றார். அதனால் விஞ்ஞானிகள் பயம் இன்றிக் குறையைத் தேடினார்கள். ராக்கெட்டை வழி தவறாமல் செலுத்தும் அமைப்பில் ஒரு வால்வு சிக்கிக்கொண்டதே காரணம் என்று தெரிந்தது.

1980 ஜூலை 18. அடுத்த எஸ்.எல்.வி.-3, 35 கிலோ எடையுள்ள ரோகிணியை விண்ணில் சுற்றவிட்டது! இந்த முறை நிருபர்களிடம் பேசும் பெருமையை அப்துல் கலாமுக்குக் கொடுத்தார் தவான்.

பெற்றோர்களே! பரீட்சையில் தவறிய பிள்ளையை "மக்கு" என்று ஏசாதீர்கள். ஏசினால் அவன் மார்க்கை மறைப்பான், தவறும் மறைந்துவிடும். எந்தக் கணக்கில் தவறினான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.