சங்கத்தின் கதவு யாருக்குத் திறக்கும்?

ரெயில்வேயிலோ, துறைமுகத்திலோ, தபால் இலாகாவிலோ நிரந்தர வேலையில் இருக்கும் மும்பைத் தமிழர்களுக்குக் கடன் சங்கம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மகளுக்குக் கல்யாணமா, ஊரில் வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டுமா, பையனுக்குக் கல்லூரிக் கட்டணமா, முதலில் நாம் ஓடுவது அங்கேதான். உடன் வேலை பார்க்கும் இருவர் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார்கள். தவணையை மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கொள்கிறார்கள். ஆண்டு முடிவில் பங்குத் தொகைக்கு ஈவும் கிடைக்கிறது.

அதே நிலையத்தில் பிளாட்பாரம் கழுவுகிறவருக்கு இந்த வசதி கிடையாது. அவர் கான்டிராக்ட் தொழிலாளி. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவர் போவது தண்டல்காரரிடம். 10 ஆயிரம் ரூபாய் என்று எழுதிக்கொண்டு 9 ஆயிரத்தைக் கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்பதற்கு ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். பே பில் எழுதிப் பழகிய கை என்பதால் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அசல் தினந்தோறும் குறைந்துகொண்டே வருகிறது அல்லவா? அதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி நூற்றுக்கு 75 ரூபாயைத் தாண்டுகிறது!

அவருக்கு வங்கிக் கணக்கு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் திட்டத்தில் நாடு முழுவதும் 50 கோடிக்கு மேல் கணக்குகள் திறக்கப்பட்டுள்ளன. அது பெரிய காரியம்தான். ஆனால் கணக்கு இருப்பது வேறு, அவசரத்துக்குக் கடன் கிடைப்பது வேறு. சம்பளச் சான்றிதழ் எங்கே, ஜாமீன் யார் என்று வங்கியில் கேட்கும்போது அந்தத் தொழிலாளி தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வருகிறார்.

ஏழைகளையும் வங்கிக்குள் கொண்டுவர அரசிடம் நிதி இல்லாமல் இல்லை. நபார்டு வங்கியிடம் இதற்கென்றே ஒரு நிதி இருக்கிறது. 2007-08ல் மத்திய அரசு, ரிசர்வ் வங்கி, நபார்டு மூவரும் பங்கு போட்டு ஏற்படுத்தியது அது. விழிப்புணர்வு முகாம், கையடக்கப் பணக் கருவி போன்றவற்றுக்கு அதிலிருந்து பணம் போகிறது. முகாமுக்குப் போய் வந்தவருக்குத் துண்டுப் பிரசுரம் கிடைக்கும். தண்டல்காரரை விட்டு வெளியே வர 10 ஆயிரம் ரூபாய் கிடைக்காது. இந்த நிதி எப்படிச் செலவாக வேண்டும் என்று சொல்லும் தகுதி யாருக்கு உண்டு? சிறு கடன் கொடுத்து, ஒழுங்காகத் திரும்ப வாங்கி, அனுபவப்பட்ட கடன் சங்கங்களுக்கு உண்டு. ஆனால் அவை வாய் திறப்பதில்லை.

வழி காட்டியவர்கள்

குஜராத்தில் நடந்ததைப் பாருங்கள். 1969ல் 14 வங்கிகள் தேசியமயமான பிறகு, ஏழைகளுக்கும் கடன் என்றார்கள். அகமதாபாத்தில் தலைச்சுமை தூக்கும் பெண்களும் பழைய துணி விற்கும் பெண்களும் வங்கிக்குப் போனார்கள். படிப்பில்லை, கையெழுத்துப் போடத் தெரியாது, இடுப்பில் குழந்தை. வங்கி ஊழியர்களுக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. 1974ல் அந்தப் பெண்கள் 4 ஆயிரம் பேர் ஆளுக்கு 10 ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். அதுதான் சேவா வங்கி. இலா பட் அம்மையார் முன்னின்று நடத்தினார். கையெழுத்துக்குப் பதில் பாஸ் புத்தகத்தில் போட்டோ ஒட்டினார்கள்.

கர்நாடகத்தில் நடந்தது இன்னொரு விதம். 1980களின் நடுவில் கிராமங்களில் பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் உடைந்தபோது, மைராடா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையுடன் அந்த உறுப்பினர்கள் சிறு சிறு குழுக்களாகக் கூடிச் சேமித்தார்கள். 1987ல் நபார்டு அதற்குப் பண உதவி செய்தது. 1992ல் 500 குழுக்களை வங்கிகளுடன் இணைத்துப் பார்க்கும் திட்டம் வந்தது. இன்று நம் ஊர்ப் பெண்கள் நடத்தும் சுய உதவிக் குழுக்களுக்கு வங்கிக் கடன் வருவது அந்த வழியில்தான். மக்கள் சிறிய அளவில் செய்து காட்டினார்கள். பெரிய பணம் பின்னால் வந்தது. திட்டத்தை டெல்லியில் எழுதி அனுப்பியிருந்தால் இப்படி அமைந்திருக்குமா?

நகரத்துக் கடன் சங்கங்களும் இதைச் செய்யலாம். உபரிப் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, தங்கள் வளாகத்திலேயே உழைக்கும் கான்டிராக்ட் தொழிலாளர்களுக்குக் கடன் கொடுத்துப் பார்க்கலாம். முதலில் 6 மாதம் சேமிக்கச் சொல்லலாம். ஐந்து பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கலாம். சம்பளம் வங்கியில் விழும் அன்றே தவணை தானாகக் கழியும் ஏற்பாடு இப்போது உண்டு. இரண்டு ஆண்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நபார்டிடம் போய், "முகாம் போதும், நாங்கள் கொடுக்கும் கடனில் நஷ்டம் வந்தால் முதல் 10 சதவீதத்தை உங்கள் நிதி ஏற்கட்டும்" என்று கேட்டால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும்.

"நம் பணம் போய்விடுமே!"

இந்த யோசனையைச் சொன்னதும் டிபன் நேரத்தில் என்னோடு சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்கள் பயம் நியாயமானது. 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, ஒருவர் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற நிலை முதலில் வந்தது. மும்பையில் எத்தனை குடும்பங்கள் தெருவில் நின்று அழுதன! அந்தப் பணம் எங்கே போனது? பிளாட்பாரம் கழுவுகிறவருக்கா போனது? பெரும்பகுதி ஒரே ஒரு கட்டடக் கம்பெனிக் கூட்டத்துக்குப் போனது. ஏழைக்கு ஐயாயிரமும் பத்தாயிரமுமாகக் கொடுத்து அந்த வங்கி மூழ்கவில்லை.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டுறவு வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் உண்டு. 2020 பிப்ரவரியில் இந்த வரம்பு 1 லட்சத்திலிருந்து உயர்த்தப்பட்டது. கடன் சங்கத்தில் போட்ட பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே ஒதுக்கும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு அவசியம். உறுப்பினர்களின் டெபாசிட்டில் கை வைக்காமல், லாபத்திலிருந்து சேர்த்த நிதியில் மட்டும் செய்தால் போதும்.

லாபம் நமக்கே வேண்டும் என்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கட்டும். 2023ல் திருத்தப்பட்ட சட்டப்படி, பல மாநிலங்களில் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்கள் தொடர்ந்து 3 ஆண்டு லாபத்தில் இருந்தால், லாபத்தில் 1 சதவீதம் அல்லது 1 கோடி ரூபாய், எது குறைவோ அதை ஆண்டுதோறும் ஒரு நிதிக்குக் கட்ட வேண்டும். நலிந்த சங்கங்களைத் தூக்கி நிறுத்துவதற்காம். முன்பின் தெரியாத சங்கத்துக்கு நம் பணம் போகிறது. பக்கத்தில் நின்று துடைப்பம் பிடிப்பவருக்குக் கொடுக்கக் கசக்கிறதா?

"பெயரளவு உறுப்பினர்" என்று ஒரு வகை இருக்கிறது. அதில் சேர்த்துக்கொள்ளலாமே என்று நிர்வாகிகள் சொல்வார்கள். கடன் கிடைக்கும், ஓட்டு கிடையாது. இதை நான் ஒப்பவில்லை. பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதுதான் கூட்டுறவு. தொடக்கத்தில் ஓராண்டு வேண்டுமானால் பெயரளவு இருக்கட்டும். ஒழுங்காகக் கட்டியவருக்கு அடுத்த ஆண்டு ஓட்டும் கொடுக்க வேண்டும். அதற்குச் சங்கத்தின் துணை விதிகளைத் திருத்த வேண்டியிருக்கும்.

ஆண்டுப் பொதுக்குழுக்கள் செப்டம்பர் மாதத்துக்குள் கூடியாக வேண்டும். தீர்மானம் கொண்டுவர நினைப்பவர்கள் அதற்கு முன்பே எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கிக் கொள்ளுங்கள். கூட்டத்தில் எழுந்து வாயால் சொன்னால், "தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்" என்ற கடைசி இனத்தில் தள்ளிவிடுவார்கள். அதற்குள் சமோசாப் பொட்டலம் வந்துவிடும். பாதிப் பேர் ரெயிலைப் பிடிக்கக் கிளம்பியிருப்பார்கள்.