ஆய்வுக்கூடத்தில் ஒரு சாட்சி



தாய் ஒருவர் நமக்கு மடல் எழுதியுள்ளார். அவருடைய மகள் வேதியியலில் முதுநிலைப் பட்டம் பெற்று, அரசுத் தடய அறிவியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் மூன்றாண்டுகளாகப் பணியாற்றி வருகிறாள். இப்போது சில வாரப் பயிற்சிக்காக அவளைக் குஜராத் மாநிலத்துக் காந்திநகருக்கு அனுப்பப் போகிறார்களாம். "படித்து முடித்து வேலையும் கிடைத்த பின்னர், பெண்பிள்ளையை மீண்டும் மாணவியாக்கி வெளியூர் அனுப்புவானேன்? போதாக்குறைக்கு ஆய்வுக்கூடத்திலேயே அடிக்கடி சோதனை வைக்கிறார்களாம். அவள் திறமையில் ஐயமா?" என்று அத்தாய் வருந்துகிறார்.

தாயுள்ளத்தின் வருத்தம் இயல்பானதே. ஆயினும் அப்பணியின் தன்மையை அறிந்தால் அவ்வருத்தம் நீங்கும் என்று நம்புகிறோம்.

தடய அறிவியல் நம் நாட்டிற்குப் புதியதன்று. நஞ்சூட்டப்பட்டு இறந்தோரின் உடலுறுப்புகளை ஆராய்வதற்கென 1849ஆம் ஆண்டிலேயே சென்னையில் இரசாயன ஆய்வுக்கூடம் ஒன்று ஏற்பட்டது. இந்தியாவில் இதுவே முதலாவது. உலகின் முதல் விரல்ரேகைப் பிரிவு 1897இல் கல்கத்தாவில் தோன்றியது. அங்கு ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்தவர்கள் அஸிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் எனும் இரு இந்தியர்கள்.

இன்று அம்மகள் எழுதும் அறிக்கை வெறும் அலுவலகத் தாளன்று, அது சாட்சியம். அரசு அறிவியல் நிபுணர் சிலரின் அறிக்கையை, அவர்களை நேரில் அழைக்காமலே சான்றாக ஏற்க நம் சட்டம் இடமளிக்கிறது. நீதிமன்றம் விரும்பினால் அழைத்து விசாரிக்கலாம், அழைக்காமலும் இருந்துவிடலாம். கூண்டில் நிற்கும் ஏழைக்கோ அந்த அறிக்கையின் மொழியும் விளங்காது. அதை மறுக்கும் வழியும் தெரியாது. பொய்ச்சாட்சி கூறலாகாது என்பது நமக்கு எட்டாம் கட்டளை. அறிந்தே கூறும் பொய் பாவம் என்பதை நாம் அறிவோம். கற்க வேண்டியதைக் கல்லாமல், அசட்டையால் கூறும் தவறான சாட்சியமும் மாசற்றவனைச் சிறைக்கு அனுப்பக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

அசட்டைக்காரர் மட்டுமே தவறுவர் என்றும் எண்ணற்க. 2004ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் இரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிக்கச் செய்யும் கருவிகள் இருந்த பையொன்றில் பதிந்திருந்த விரல்ரேகை, அமெரிக்காவின் ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையதே என்று எஃப்.பி.ஐ.யின் அனுபவமிக்க நிபுணர்கள் மூவர் முடிவு செய்தனர். நீதிமன்றம் அமர்த்திய நான்காம் நிபுணரும் அதை ஒப்புக்கொண்டார். வழக்கறிஞர் இரு வாரங்கள் காவலில் வைக்கப்பட்டார். அதற்குள் ஸ்பெயின் காவல் துறை, அந்த ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று கண்டறிந்து அறிவித்தது! எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது, 2006இல் அமெரிக்க அரசு இருபது இலட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது.

நால்வர் பார்த்தும் தவறு நேர்ந்தது எவ்வாறு? முதலாமவரின் முடிவு இன்னதென அறிந்த பின்னரே மற்றவர் ரேகையைப் பார்த்தனர். விடை முன்னரே மனத்தில் இருந்தால், கண் அதையே காண விழைகிறது. இதன் பின்னர், முதலாமவரின் முடிவை அறியாமலே இரண்டாமவர் தனித்து ஆராயும் முறையை எஃப்.பி.ஐ. சில வகை ஆய்வுகளுக்குக் கொண்டுவந்தது.

இம்முறை நமக்குப் புதிதா? தவக்காலத்தில் நாம் கேட்கும் சூசன்னாவின் வரலாற்றை நினைவுகூருங்கள். மூப்பர் இருவர் ஒருசேரக் கூறியதை மக்கள் நம்பிவிட்டனர். மாசற்ற பெண்ணுக்குச் சாவுத் தீர்ப்பும் அளித்தனர். இளைஞர் தானியேல் என்ன செய்தார்? இருவரையும் தனித்தனியே பிரித்து வினவினார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். பொய் வெளிப்பட்டது; ஓர் உயிர் பிழைத்தது. அம்மூப்பர் வஞ்சகர், இந்நிபுணர்களோ வஞ்சகரல்லர். ஆயினும் தனித்தனியே கேட்டாலன்றி உண்மை புலப்படாது என்பது இரண்டிற்கும் பொது.

எனவேதான் ஆய்வுக்கூடத்தில் சோதனை வைக்கிறார்கள். சரியான விடை நடத்துவோருக்கு மட்டுமே தெரிந்த மாதிரிப் பொருளைக் கொடுத்து, பணியாளர் என்ன கூறுகிறார் என்று பார்க்கிறார்கள். 17025 எனும் எண்ணுடைய அனைத்துலகத் தரவிதியின்படி அங்கீகாரம் பெறும் ஆய்வுக்கூடங்கள், பணியாளரின் பயிற்சிக்கும் தேர்ச்சிக்கும் பதிவேடு வைத்தாக வேண்டும். இது அவமதிப்பன்று, தராசுக்கு முத்திரையிடுவது போன்றதே.

பயிற்சி பெறும் இடங்களும் நம் நாட்டில் உள்ளன. 1972இல் தில்லியில் தொடங்கப்பெற்ற குற்றவியல், தடய அறிவியல் நிறுவனம் காவல் அதிகாரிகளுக்கும் ஆய்வுக்கூடத்தாருக்கும் பணியிடைப் பயிற்சி அளித்து வந்தது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இப்போது அது இணைந்துள்ளது. காந்திநகர் அப்பல்கலைக்கழகத்தின் தலைமையிடம். விரல்ரேகைத் துறையினருக்கு மத்திய விரல்ரேகைப் பிரிவு பயிற்சியளிப்பதுடன், அகில இந்தியத் தேர்வும் நடத்துகிறது.

2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நேரில் சென்று சான்று திரட்ட வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதனைப் படிப்படியாகச் செயற்படுத்த ஐந்தாண்டு வரை காலம் உண்டு. ஆகவே பயின்றவர் பலர் தேவை. குருதி தோய்ந்த ஈரத்துணியை உலர்த்தாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால், அதிலுள்ள மரபணுச் சான்று கெட்டுவிடும். உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும். இவ்வளவு சிறிய செய்தியை அறியாமையால், துன்புற்ற பெண்ணொருத்திக்கு நீதி கிட்டாமலே போகலாம். குற்றமற்றவரைக் காப்பது போன்றே, குற்றத்திற்கு இரையானவரின் கண்ணீரைத் துடைப்பதும் இப்பணியில் அடங்கும்.

அம்மையீர், உங்கள் மகளின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதித்து அனுப்புங்கள். அனுப்புகையில் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: "மகளே, மேலதிகாரி விரைவுபடுத்தினாலும், ஊரே ஒருவனைக் குற்றவாளி என்று கூவினாலும், உன் ஆய்வு காட்டியதை மட்டும் எழுது. தெளிவாகவில்லையெனில், தெளிவாகவில்லை என்றே எழுத நாணாதே." வேதியியலும் உயிரியலும் பயிலும் பிள்ளைகளைப் பெற்ற ஏனையோரும் இத்துறையை நினைவிற்கொள்க. முகமறியா ஒருவரின் விடுதலை, என்றோ ஒருநாள் நம் பிள்ளையின் கையெழுத்தைப் பொறுத்திருக்கலாம். அந்நாளில் அக்கை பயின்ற கையாகவும் தூய கையாகவும் இருக்க இறைவன் அருள்வாராக.