தறி அழிந்தால் தடம் அழியும்

நூல் என்னும் ஒரு சொல்லாலேயே பஞ்சின் இழையையும் புலவனின் படைப்பையும் குறித்தனர் நம் முன்னோர். நெய்தலும் எழுதலும் ஒருதன்மைய எனக் கண்ட நுண்ணறிவு அது. குர்தியர் நெய்த கம்பளங்களைப் பற்றிப் படிக்குந்தோறும் அச்சொல்லே எம் நெஞ்சில் எழுகின்றது. ஏட்டில் எழுதவிடாது தடுக்கப்பட்ட ஓர் இனத்தின் பெண்டிர், தம் வாழ்வைத் தறியில் எழுதி வைத்தனர்.

குர்தியர் யாவர்? துருக்கி, ஈரான், ஈராக், சிரியா ஆகிய நாடுகளின் எல்லைக் கோடுகளால் கூறுபட்டுக் கிடக்கும் மலைநில மக்கள். 1920-இல் செவ்ரே உடன்படிக்கை அவர்க்கொரு நாடு அமைதற்கு வழி காட்டிற்று. 1923-இல் இலோசான் உடன்படிக்கை அவ்வழியை அடைத்தது. 1928-இல் ஈரானியச் சட்டமொன்று, ஆடவர் மரபுடை களைந்து மேலையுடை பூண வேண்டும் என்றது. 1983-இல் துருக்கியச் சட்டமொன்று குர்து மொழியில் நூல் வெளியிடுதலையே குற்றமாக்கிற்று. அது நீங்கியது 1991-இல்தான். மொழியைப் பறிக்க நீளும் கை, உடையையும் விட்டு வைப்பதில்லை!

அம்மக்களின் நெசவோ வளமிக்கது. தம் மந்தையின் கம்பளியைத் தாமே நூற்று, அவுரியால் நீலமும், செவ்வேர்ச் செடியால் சிவப்பும், மாதுளைத் தோலால் மஞ்சளும் ஏற்றினர். மேய்ச்சல் நிலந்தேடிப் பெயர்ந்து வாழ்ந்தோர், தரையில் முளையடித்துத் தறி கட்டினர். பெயருங்கால் பிடுங்கிச் சுருட்டிக் கொண்டனர். சாபுக் குடியினர் நெய்த பைகளில் சாய்சதுரங்கள் அடுக்கடுக்காய் ஒளிரும். பீசார் நகரத்துக் கம்பளத்தில் ஊடையிழையை நனைத்துக் கனத்த கருவியால் அடித்து இறுக்குவர். அதன் திண்மை கண்டு, 'இரும்புக் கம்பளம்' என்றே வணிகர் அதற்குப் பெயரிட்டனர்.

எனினும் பெயரில்தான் பெருங்கேடு! குர்தியப் பெண் நெய்த கம்பளம் 'பாரசீகக் கம்பளம்' என்றும் 'துருக்கிக் கம்பளம்' என்றும் உலகச் சந்தையில் விற்கப்படுகின்றது. வேடிக்கை ஒன்று கேண்மின். சனந்தச் நகரின் பழம்பெயர் சென்னே. ஈரானியக் கம்பளங்களில் பெருவழக்காயுள்ள ஒருவகை முடிச்சைச் 'சென்னே முடிச்சு' என்கின்றனர். ஆனால் சென்னே நெசவாளர் பெரும்பாலும் இடும் முடிச்சோ 'துருக்கி முடிச்சு' எனப்படுவது! தமதல்லாத முடிச்சுக்குத் தம் ஊர்ப்பெயர். தம் கைம்முடிச்சுக்குப் பிறர் பெயர். ஒரு மக்களின் கலை, அவரைக் கேளாமலேயே பெயரிடப்பட்டமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பெயர்க்கேட்டோடு பேரழிவும் சேர்ந்தது. 1988-இல் ஈராக்கின் அன்பால் படையெடுப்பில் ஊர்கள் தரைமட்டமாயின, பல்லாயிரவர் கொல்லப்பட்டனர், எஞ்சியோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். மேயும் நிலமில்லையேல் மந்தையில்லை; மந்தையில்லையேல் கம்பளியில்லை; கம்பளியில்லாத வீட்டில் தறிக்கென்ன வேலை? எஞ்சிய தறிகளையும் வேதியற் சாயமும் பொறிநெசவும் ஓரங்கட்டின.

"உயிருக்கே உறுதியில்லாதவர்க்குக் கம்பளம் ஒரு கேடா?" எனச் சிலர் வினவலாம். கலையைக் காப்பதற்காகப் பெண்மக்களைக் கூலி குறைத்துத் தறியில் கட்டிப்போடுக என யாம் கூறவில்லை. அது காப்பன்று, கொடுமை. ஆயினும் ஓரினத்தை ஓரினமாக்குவது எது? மொழி, உடை, கைத்தொழில் ஆகியன அல்லவோ? அவை அனைத்தும் போனபின் எஞ்சுவது மக்கள்தொகைக் கணக்கு மட்டுமே.

எர்பில் கோட்டைக்குள் 2004-இல் குர்திய நெசவு அருங்காட்சியகம் ஒன்று எழுந்தது; அக்கோட்டை 2014-இல் உலக மரபிடமாக ஏற்கப்பட்டது. போற்றத்தக்க பணி! ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கம்பளம், அகரமுதலிக்குள் மட்டும் இருக்கும் சொல்லைப் போன்றது. நாவில் வழங்காத சொல் எப்படிச் செத்ததோ, கையில் வழங்காத கலையும் அப்படியே சாகும்.

ஆகவே வேண்டுவன மூன்று. முதியவளின் கைத்திறன் இளையவளுக்குப் பள்ளியில் பாடமாதல் வேண்டும். நெய்தவட்கு நேரிய விலை கிடைத்தல் வேண்டும். விற்கும் கம்பளத்தில் 'குர்தியர் நெய்தது' என்னும் பெயர் பொறித்தல் வேண்டும். பெயரை மீட்போர் பிறவற்றையும் மீட்பர். பெயரை விட்டோர்க்கு மீட்க எதுவும் எஞ்சாது!